காசு கட்டி மண் தோண்டப் போனேன். கீழடியிலும் இப்படி விட்டால் என்ன?

வடகாற்று

போன ஜூலையில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்து, கைக்காசில் கட்டணமும் கட்டி மண் தோண்டப் போகிறேன் என்று ஊரில் அம்மாவிடம் சொன்னேன். "நம்ம தோட்டத்துல தோண்டியிருந்தா கூலியாவது மிச்சமாகியிருக்குமே" என்றார்.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில். இங்கிருந்து மேற்கே ஹெக்ஸம் தாண்டினால் விண்டோலாண்டா. ரோமானியர் எல்லையில் கட்டிய ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே உள்ள ரோமானியப் படைக்கோட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக 9 கோட்டைகளாவது அங்கே எழும்பி அழிந்திருக்கின்றன. 1970-ல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை அங்கே அகழாய்வு நடத்துகிறது. ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை யார் வேண்டுமானாலும் பதிவு செய்து குழியில் இறங்கலாம். இடம் கிடைப்பதுதான் கஷ்டம், தட்கல் டிக்கெட் கதைதான். என் குழுவில் ஓய்வுபெற்ற செவிலியர், லாரி ஓட்டுநர், கல்லூரிப் பெண், நான். யாருக்கும் தொல்லியல் படிப்பு கிடையாது.

முட்டிக்கு அடியில் ஒரு பஞ்சுப் பாய், கையில் சின்னக் கொத்தனார் கரண்டி, பக்கத்தில் வாளி. அவ்வளவுதான் ஆயுதம். முதல் 4 நாள் ஆணி, மாட்டெலும்பு, ஓடு. ஐந்தாம் நாள் ஈரமான கறுப்பு மண் அடுக்கு வந்தது. சாக்கடை நாற்றம். காற்றே புகாத மண் என்பதால் தோலும் மரமும் அதில் மக்காமல் கிடக்கின்றன. 5,000-க்கும் மேல் காலணிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. எனக்கும் ஒரு செருப்பின் அடித்தோல் தட்டுப்பட்டது. ஆணி வரிசை அப்படியே இருந்தது. நீளம் என் இரண்டாவது மகளின் கால் அளவு. கையை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன், அதுதான் விதி. மீதியை அவர்தான் எடுத்தார். நான் சும்மா நின்று பார்த்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே மறுபடியும் காசு கட்டுவேன்.

கேள்வி இதுதான். நம் ஊரிலும் கோடையில்தான் தோண்டுகிறார்கள். கீழடி 4-ஆம் கட்டம் 2018 ஏப்ரலில், 5-ஆம் கட்டம் 2019 ஜூனில் தொடங்கின. ஒவ்வொரு கட்டத்திலும் 20 பேரைத் தன்னார்வலராகச் சேர்த்தால் என்ன கெட்டுவிடும்?

சல்லடை

கெட்டுவிடும் நண்பரே.

பெயர் வேண்டாம், தமிழ்நாட்டில் சில அகழாய்வுகளில் குழிப் பொறுப்பாளராக இருந்தவன். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 580 என்று வந்தது. 2019-ல் ஊரெல்லாம் பேசியது அந்தத் தேதியைத்தான். ஆய்வகம் கரிக்குத்தான் வயது சொல்லும். கூடவே கிடந்த பானை ஓட்டுக்கும் அதே வயதா என்பதைக் குழிக்குள் நின்றவன்தான் சொல்ல வேண்டும். அது தென்னந்தோப்பு. தென்னை வேர் போன வழியிலும் எலிவளையிலும் மேல்மண் சரிந்து கீழே போய் உட்காரும். எலிவளை என்றால் ஓட்டையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அது அடைந்துபோய் வட்டமாக ஒரு நிறமாற்றம் மட்டும்தான் தெரியும். கொஞ்சம் பொலபொலவென்று இருக்கும். வெயிலில் மண் காய்ந்துவிட்டால் அதுவும் தெரியாது. தண்ணீர் தெளித்துவிட்டுப் பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு சீசன் ஆனது. உங்கள் தன்னார்வலருக்குக் கண் பழகும் நேரத்தில் விடுப்பு முடிந்திருக்கும்.

ஆர்வத்தால் தோண்டினால் என்ன ஆகும் என்பதற்கு அரிக்கமேட்டைப் பாருங்கள். 1945-ல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே வருவதற்கு முன்னால், 1940-களின் தொடக்கத்தில் பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் தோண்டினார்கள். நல்ல மனிதர்கள், முறையான பயிற்சி இல்லை. பொருள் கிடைத்தது. எது எந்த அடுக்கில் கிடந்தது என்ற கணக்கு கிடைக்கவில்லை. போனது போனதுதான்.

வடகாற்று

அரிக்கமேட்டைச் சொன்னதால் நானும் அங்கிருந்தே வருகிறேன். வீலர் அங்கே தனியாகவா தோண்டினார்? இந்தியா முழுவதிலிருந்தும் மாணவர்களைக் கூட்டிவந்து குழியிலேயே பாடம் நடத்தினார். அதற்கு முன் 1930-களில் இங்கிலாந்தில் மெய்டன் காஸில் என்ற பழைய மலைக்கோட்டையில் தோண்டியபோதும் தன்னார்வலர்கள் இருந்தார்கள், பொதுமக்களுக்குச் சுற்றிக்காட்டவும் ஏற்பாடு செய்தார். ஆக, அடுக்கு அடுக்காகத் தோண்டு என்று சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கே புது ஆட்கள் பயமாக இல்லை.

விண்டோலாண்டாவில் 2014-ல் ரோமானியப் பேரரசர் நீரோ காலத்துப் பொற்காசு கிடைத்தது. எடுத்தவர் பிரான்சிலிருந்து வந்த தன்னார்வலர். பையில் போட்டுக்கொண்டு போகவில்லை. கணக்கில் ஏறியது, அருங்காட்சியகத்துக்குப் போனது. பக்கத்திலேயே ஆள் நிற்கிறார்கள் சார். தனியாக விட்டால்தானே நீங்கள் சொல்லும் ஆபத்து?

சல்லடை

பொற்காசை யாரும் தவறவிட மாட்டார்கள். அது கத்தும். கத்தாத பொருளைப் பற்றித்தான் என் பேச்சு.

உங்கள் விண்டோலாண்டாவிலேயே 1973-ல் அங்கே அகழாய்வு நடத்திய ராபின் பிர்லி முதல் மரப்பலகை எழுத்தைக் கண்டபோது அது மரச்சீவல் மாதிரிதான் இருந்தது. ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சீவல்களைப் பிரித்தபோதுதான் உள்ளே மைக்கோடு தெரிந்தது. காற்றுப் பட்டதும் மை மங்கத் தொடங்கிவிட்டது, பிறகு அகச்சிவப்புப் படம் எடுத்துத்தான் படித்தார்கள். அப்படிப்பட்ட பலகை ஒன்றில் ஒரு தளபதியின் மனைவி தோழிக்கு, "செப்டம்பர் 11 என் பிறந்தநாள், வந்துவிடு" என்று எழுதிய கடிதம் இன்று உலகத்துக்கே தெரியும். சீவல்தானே என்று வாளியில் போட்டிருந்தால்?

திருப்புவனத்தான்

ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுறீங்க. குழிக்குள்ள இப்ப யாரு இருக்கான்னு ரெண்டு பேருமே சொல்லலையே.

எங்கம்மா நாலு சீசன் கீழடிப் பக்கம் குழி வேலைக்குப் போச்சு. காலைல தூக்குவாளியில கஞ்சி, மேல ஆம்பளச் சட்டை, தலைக்குத் துண்டு. வடகாற்று அண்ணே, நீங்க காசு குடுத்துப் பாத்த வேலைய எங்கம்மா காசு வாங்கிப் பாக்குது. உங்கள மாதிரி 20 பேரு சும்மாவே வர்றேன்னா, மேல இருக்குற ஆளு என்ன கணக்குப் போடுவாரு? "20 கூலி மிச்சம்"னுதான்.

சல்லடை சார், கண்ணு பழக ஒரு சீசன்னு சொன்னீங்க. எங்கம்மாவுக்குக் காதும் பழகிருச்சு. கொத்துற சத்தத்துலயே கல்லா, செங்கலா, பானையான்னு சொல்லும். பானைன்னா "டொக்"னு ஒரு வெத்துச் சத்தமாம். உடனே மம்பட்டிய வச்சுட்டு உக்காந்துரும். முதல்ல அது கண்டுபிடிக்கும், அப்புறம் படிச்சவங்க வருவாங்க, அப்புறம் போட்டோ. போட்டோவுல எங்கம்மா முதுகு மட்டும் தெரியும்.

சல்லடை

மறுக்க மாட்டேன் தம்பி. எனக்கு எலிவளை காட்டிக்கொடுத்ததும் உங்கள் ஊர் அக்கா ஒருவர்தான்.

ஓய்வு வாத்தியார்

நடுவில் ஒரு கிழவன் புகுவதற்கு மன்னிக்கவும். "பயிற்சி இல்லாதவனை அண்ட விடாதே" என்பதைக் கீழடியை வைத்துச் சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அந்த இடம் எப்படி வெளியே தெரிந்தது? 1970-களில் கிணறு வெட்டியபோது கிடைத்த சாமான்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் தொல்லியல் துறைக்குச் சொன்னார். மத்தியத் தொல்லியல் துறை வந்து குழி போட 2014-15 ஆகிவிட்டது. இடைப்பட்ட 40 வருஷம் அதைப் பற்றி விடாமல் பேசியது அந்த வாத்தியார்தானே? அரிக்கமேட்டிலும் அதே கதை. 1930-களில் சிறுவர்கள் பொறுக்கிக் கொடுத்த சாமான்களைப் பார்த்துத்தான் ழூவோ துப்ரேய் என்ற பேராசிரியர் விழித்துக்கொண்டார்.

நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வயல் வயலாக அலைந்தவன். மழை பெய்து மறுநாள் வெயில் அடிக்க வேண்டும், அப்போதுதான் கழுவிவிட்ட மாதிரி ஓடு மேலே தெரியும். உள்ளே கறுப்பு வெளியே சிவப்பு என்றால் பிள்ளைகளே கத்துவார்கள். தோண்டக் கூடாது என்பது முதல் நாளே போடும் சட்டம். பார், படம் எடு, சர்வே நம்பரை எழுது, தாசில்தாருக்குச் சொல்.

ஆகவே என் கட்சி: குழிக்குள் வேண்டாம். குழிக்கு வெளியே மலை மாதிரி வேலை கிடக்கிறது. மூட்டை மூட்டையாக வரும் பானை ஓட்டைக் கழுவ, காயவைக்க, பிரிக்க, எண் எழுத ஆள் பற்றாது. அங்கே விடுங்கள்.

சல்லடை

வாத்தியார் ஐயா, மேற்பரப்பு ஆய்வுக்கு நூறு சதம் ஆதரவு. ஓடு கழுவும் இடத்துக்குப் பாதிதான்.

ஒரு முறை ஒரு கல்லூரியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பெயர் வேண்டாம். பளபளவென்று இருக்க வேண்டும் என்று ஒரு பையன் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்திருக்கிறான். பாத்திரம் துலக்குகிற மாதிரி. கீறல் குறியீடு என்பது பெரும்பாலும் பானை சுட்ட பிறகு கூர்முனையால் இழுத்த மெல்லிய கோடு. அவன் தேய்த்த ஓட்டில் இருந்தது பழைய கோடா இவன் போட்ட கோடா என்று அன்று சாயங்காலம் முழுக்க உருப்பெருக்கியோடு உட்கார்ந்தோம். கீழடி 4-ஆம் கட்டத்தில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துள்ள ஓடுகள் 56. ஆதன், குவிரன் என்று நாம் பெருமையோடு படிக்கும் பெயர்களெல்லாம் ஒரு நார்த்தேய்ப்பில் போகக்கூடியவை.

கோபம் பையன் மேல் இல்லை. முந்தின நாள் சொல்லிக்கொடுக்காதது எங்கள் தப்பு.

வடகாற்று

அதைத்தானே நானும் சொல்கிறேன்! சொல்லிக்கொடுக்க ஏற்பாடு இருந்தால் நடக்கும். அதற்கான செலவைத் தன்னார்வலரின் கட்டணத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

கடலூர்க்காரி

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். இந்த "கட்டணம்" வந்ததும் முடியவில்லை.

நான் எம்.ஏ. தொல்லியல். என் வகுப்பில் குழியை நேரில் பார்த்தவர்கள் பாதிப் பேர்தான். அதிலும் பத்து நாள், வேலியோரம் நின்று குறிப்பு எடுத்ததோடு சரி. ஒவ்வொரு சீசனுக்கும் விண்ணப்பம் போடுகிறோம், பதில்கூட வராது. இந்த நிலையில் பவுண்டில் கட்டணம் கட்டுகிறவருக்கு 20 இடம் ஒதுக்கினால் அது யாருடைய இடம்? தன்னார்வம் என்று அழகாகப் பெயர் வைத்தாலும், இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் இருக்க முடிகிறவருக்குத்தான் அது வரும்.

சட்டமும் வேறு. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்படாத இடமாக இருந்தாலும் மாநில அரசே மத்திய அரசின் முன் ஒப்புதல் வாங்கித்தான் தோண்ட முடியும். குழிக்குள் எது உடைந்தாலும் அகழாய்வு இயக்குநர் தலையில்தான் விழும். அவர் ஏன் முன்பின் தெரியாதவரை இறக்குவார்?

வடகாற்று

சட்டம் இங்கேயும் இருக்கிறது. 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு பட்டியலிட்டுப் பாதுகாக்கும் பழஞ்சின்னத்தில் அனுமதி இல்லாமல் ஒரு கரண்டி மண் எடுக்க முடியாது. அனுமதி வாங்கித்தான் எங்களை இறக்குகிறார்கள்.

ஆனால் நீங்கள் சொன்ன மற்றதற்கு என்னிடம் பதில் இல்லை. விண்டோலாண்டா பார்வையாளர் டிக்கெட்டிலும் நன்கொடையிலும் ஓடும் அறக்கட்டளை, அங்கே நான் யார் கூலியையும் பிடுங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கேயும் தொல்லியல் படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் உண்டு. என் குழுவில் இருந்த கல்லூரிப் பெண் கட்டணத்துக்காக உணவகத்தில் வேலை பார்த்துச் சேர்த்தேன் என்றாள். அப்போது அதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சரி, கட்டணத்தை விடுகிறேன். கூலியாட்கள் எண்ணிக்கை குறையக் கூடாது, முதல் இடம் தொல்லியல் மாணவர்களுக்கு, மீதி இருந்தால் உள்ளூர்க்காரர்கள், அதற்கப்புறம் என்னைப் போன்றவர்கள். ஆனால் "யாரும் வேண்டாம்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 2019-ல் அறிக்கை வந்ததும் கீழடிக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்களே, அந்தக் கூட்டத்துக்கு எட்டிப் பார்ப்பது தவிர நாம் வேறென்ன கொடுத்தோம்?

சல்லடை

குழியின் விளிம்பில் நின்று செல்ஃபி எடுத்து விளிம்பையே சரித்தார்கள், அதைக் கேளுங்கள்.

மாணவர்களுக்கு முதல் இடம் என்பதில் மட்டும் கையெழுத்துப் போடுகிறேன். வெளியாட்கள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

திருப்புவனத்தான்

வடகாற்று அண்ணே, ஆள் பத்தாத வேலை ஒண்ணு இருக்கு, சொல்லட்டா? குழிய மூடுறது. எல்லாம் பட்டா நிலம், தோப்பு. எடுத்த மண்ண திரும்பப் போட்டு மேடு பள்ளம் இல்லாம தோட்டக்காரர்கிட்ட ஒப்படைக்கணும். அதுக்கு எவனும் தன்னார்வமா வந்து நான் பாத்ததில்ல. பேப்பர்லயும் போட மாட்டான். செப்டம்பர்ல வாங்க, மழைக்கு முன்னாடி.

வடகாற்று

வருகிறேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கடைசி இரண்டு நாள் எங்களுக்கும் தள்ளுவண்டியில் மண் தள்ளுவதுதான் வேலை, இடுப்பு போனது. உங்கள் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள விடுவார்களா என்று.

திருப்புவனத்தான்

கேட்டேண்ணே. உங்க பஞ்சுப் பாய் கதையும் சொன்னேன். அதுக்குக் குழிக்குள்ள இடம் எங்க இருக்குன்னு கேட்டுச்சு. "நாள் பூரா குத்தவச்சு உக்காருவாரா, கேளு" அப்படிங்குது.

வடகாற்று

இப்போதுதான் அறையில் உட்கார்ந்து பார்த்தேன். 4 நிமிடம்.