டிரிகாஃப்டாவுடன் இட்ராகொனசோல் சேரும்போது டோஸ் எவ்வளவு?

தேன்சிட்டு (கேள்வி):
சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் பரம்பரை நோய்), 15 வயதுப் பையன். நோய்க்குக் காரணமான சி.எஃப்.டி.ஆர். மரபணுவின் ஒரு பிரதியில் எஃப்508டெல் என்ற பிழை, மற்றதில் ஜி542எக்ஸ் என்ற பிழை. டிரிகாஃப்டா முழு டோஸில் இருக்கிறான்: காலையில் மூன்று மருந்து (எலெக்ஸகாஃப்டர், டெசகாஃப்டர், ஐவகாஃப்டர்) சேர்ந்த கூட்டு மாத்திரை 2, இரவில் ஐவகாஃப்டர் 150 மி.கி. ஒன்று. நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையால் ஒவ்வாமை வந்ததால் இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கப்போகிறார்கள். பாதி டோஸ் போதும் என்கிறார் ஒருவர், டிரிகாஃப்டாவையே நிறுத்தச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி? ஜி542எக்ஸுக்கு மருந்தே இல்லை என்றால் இந்த மாத்திரை எதன்மேல் வேலை செய்கிறது?

மருந்துப்பெட்டி:
இரண்டும் சரியில்லை. மூன்று மருந்துகளையும் சிதைப்பது கல்லீரலின் சிஒய்பி3ஏ நொதிதான். இட்ராகொனசோல் அதை முடக்கிவிடும். உடலில் சேரும் அளவு எலெக்ஸகாஃப்டருக்கு 2.8 மடங்கு, டெசகாஃப்டருக்கு 4 முதல் 4.5 மடங்கு, ஐவகாஃப்டருக்கு 15.6 மடங்கு ஏறும். பாதியாகக் குறைத்து எப்படிச் சமாளிப்பது?

12 வயதுக்கு மேல்: கூட்டு மாத்திரை 2, வாரத்தில் இரண்டே நாள் காலையில், 3-4 நாள் இடைவெளி விட்டு. திங்கள், வியாழன் என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். இரவு மாத்திரை அறவே கூடாது. வீட்டில் தவறு நடப்பது இங்கேதான். காலை மாத்திரையைக் குறைத்துவிட்டு இரவு மாத்திரையைப் பழக்கத்தில் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த அட்டையைக் கையில் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

ஃப்ளூகொனசோல் (இன்னொரு பூஞ்சை மருந்து) என்றால் கணக்கு வேறு: ஒரு நாள் காலை கூட்டு மாத்திரை 2, மறுநாள் காலை ஐவகாஃப்டர் 1, இப்படி மாற்றி மாற்றி. இரவு அதிலும் இல்லை. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எதையும் மாற்ற வேண்டாம்.

இட்ராகொனசோலை நிறுத்திய மறுநாளே முழு டோஸுக்குத் தாவாதீர்கள். அது ரத்தத்திலிருந்து இறங்க 7 முதல் 14 நாள் பிடிக்கும். எந்த நாளில் ஏற்றுவது என்பதைச் சிகிச்சைக் குழு முடிவு செய்யட்டும்.

புரதமடிப்பு:
இரண்டாவது கேள்விக்கு. அந்த மரபணு உருவாக்கும் சி.எஃப்.டி.ஆர். புரதம் செல்லின் மேற்பரப்பில் குளோரைடைக் கடத்தும் வாயில். அதில் 1480 அமினோ அமிலங்கள். எஃப்508டெல் என்றால் 508ஆம் இடத்து ஃபினைல்அலனைன் இல்லை. புரதம் உருவாகும், ஆனால் சரியாக மடியாது. செல் அதைப் பழுது என்று பிடித்து, மேற்பரப்புக்குப் போகுமுன்பே அழித்துவிடும். எலெக்ஸகாஃப்டரும் டெசகாஃப்டரும் வெவ்வேறு இடங்களில் ஒட்டி மடிப்பைச் சரிசெய்கின்றன. மேலே வந்து சேர்ந்த புரதத்தின் குளோரைடு வாயிலைத் திறந்து வைப்பது ஐவகாஃப்டர். ஜி542எக்ஸில் புரதம் பாதியிலேயே நின்றுவிடுவதால் திருத்த ஒன்றுமில்லை. பலன் முழுக்க மற்றப் பிரதியிலிருந்து வருகிறது.

அது போதுமா என்றால், போதும். 2019இல் வெளியான ஆய்வு இப்படி ஒரு பிரதி மட்டும் எஃப்508டெல் உள்ளவர்களிடம்தான் நடந்தது. 24 வாரத்தில் எஃப்.இ.வி.1 (ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு) மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களைவிட 14.3 சதவீதப் புள்ளி உயர்ந்தது. இந்த நோயில் ஏறியிருக்கும் வியர்வைக் குளோரைடு லிட்டருக்கு 41.8 மில்லிமோல் குறைந்தது. இரண்டு பிரதியும் ஜி542எக்ஸ் என்றால் இந்த மாத்திரை வீண் செலவு.

கல்லீரல்கணக்கு:
டோஸ் சரியாக இருந்தாலும் மூன்று விஷயம். இட்ராகொனசோலும் கல்லீரலைத் தொடும் மருந்து. எனவே தொடங்குமுன் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனைகளை (ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி., பிலிரூபின்) பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட நெருக்கமாகத் திரும்பப் பாருங்கள். ஏ.எல்.டி. அல்லது ஏ.எஸ்.டி. மேல்வரம்பில் 5 மடங்கைத் தாண்டினால், அல்லது 3 மடங்கைத் தாண்டி பிலிரூபினும் 2 மடங்குக்கு மேல் போனால், டிரிகாஃப்டாவை நிறுத்த வேண்டும்.

வயிற்று அமிலம் குறைக்கும் மாத்திரையில் பையன் இருக்கிறானா? இருந்தால் இட்ராகொனசோல் கேப்ஸ்யூல் சரியாக உறிஞ்சாது.

டிரிகாஃப்டாவுக்குக் கொழுப்புள்ள உணவு வேண்டும். வெறும் இட்லி சாம்பார் போதாது. நெய், முட்டை, முழுப்பால் ஏதாவது சேரட்டும், செரிமான நொதிக் கேப்ஸ்யூலும் அந்தச் சாப்பாட்டோடு.

தேன்சிட்டு:
நன்றி. ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள், அதில் சிக்கல் உண்டா?

மருந்துப்பெட்டி:
எந்த ஸ்டீராய்டு என்று பாருங்கள். மெத்தில்பிரட்னிசோலோனும், மூச்சில் இழுக்கும் புடசோனைடும் இட்ராகொனசோலோடு சேர்ந்தால் உடலில் தேங்கி அட்ரினல் சுரப்பியை அமுக்கும். பிரட்னிசோலோனில் அந்தத் தொல்லை குறைவு.