ஜாஸ் பேஸை ஃப்ரெட்லெஸ் ஆக்குகிறேன், எபாக்ஸி பூசியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என்னிடம் இருக்கும் 4 பேஸ் கிட்டார்களில் ஒரு பழைய ஜாஸ் பேஸை ஃப்ரெட்லெஸ்ஸாக, அதாவது விரல்பலகையில் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டிகள் இல்லாததாக, மாற்றிக்கொண்டிருக்கிறேன். சால்டரிங் அயர்ன் வைத்துச் சூடாக்கி, ஃப்ரெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றியாயிற்று. பொறுமையாகத்தான் செய்தேன், ஆனாலும் 12-வது ஃப்ரெட் பக்கத்தில் விரல்பலகையின் ரோஸ்வுட் மரம் நகத்துணுக்கு அளவுக்குப் பெயர்ந்துவிட்டது. அந்தச் சில்லைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினால் நிற்குமா?

ஃப்ரெட் இருந்த பள்ளங்களில் மெல்லிய மேப்பிள் மரப் பட்டைகளைச் செருகப் போகிறேன். கோடு தெரிந்தால் சுருதி பிடிக்க வசதி. அதற்கு மேல்தான் குழப்பம். பிரபல ஃப்ரெட்லெஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸின் விரல்பலகையில், படகுக்குப் பூசும் எபாக்ஸி என்ற இறுகும் பிசினைப் பூசினார். ரவுண்ட்வவுண்ட் கம்பிகள் (உருண்டை இழை சுற்றிய, சொரசொரப்பானவை) மரத்தை அரித்துவிடாமல் அது காக்கும். அந்தக் கம்பிகளில் வரும் ‘ம்வா’ என்ற இழுவைதான் எனக்கும் வேண்டும், தட்டை இழை சுற்றிய வழவழப்பான ஃப்ளாட்வவுண்டுக்கு மாற மனமில்லை.

இருப்பது சென்னையில், கடற்கரைப் பக்கம். இந்த ஈரக்காற்றில் எபாக்ஸி குமிழி விடாமல், வெளுக்காமல் இறுகுமா? எத்தனை பூச்சு? எந்த நம்பர் உப்புத்தாளில் தேய்ப்பது? பூசும்போது ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) தளர்த்தி வைக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பூசிய பலகையின் படம் இருந்தால் அதையும் போடுங்கள்.