வெப்ப எதிர்ப்பா, வெப்பந்தாங்கியா?

அன்பின் நண்பர்களுக்கு,

மோட்டருக்குள் வெப்பநிலை உணரியை ஒட்டும், சூட்டில் கெடாத பசையைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வெப்ப எதிர்ப்புப் பசை, வெப்பத்தடைப் பசை, வெப்பந்தாங்கு பிசின். முதல் இரண்டும் எனக்குச் சரிப்படவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் நீர் இறைக்கும் மோட்டர் எரிந்து புதிதாகக் காயில் (கம்பிச் சுருள்) கட்டியபோது, உணரி ஒன்றை நானே சுப்பர் குளூவால் சுருளில் ஒட்டினேன். சாதாரண சுப்பர் குளூ 80 பாகை செல்சியசுக்கு மேல் பிடி விடத் தொடங்கும். சுருளோ 100ஐ எளிதில் தாண்டும். உணரி கழன்று விழுந்தது. அடுத்த முறை எபொக்சியை (இரண்டு கூறுகளைக் கலந்து இறுகவிடும் பிசின்) உருண்டையாக அப்பினேன். இந்த முறை விழவில்லை, ஆனால் சுருள் சூடேறி வெகுநேரம் கழித்தே அளவீடு ஏறியது. மோட்டர் கட்டும் அண்ணை பார்த்துவிட்டுச் சொன்னார்: "உது சூட்டைத் தாங்கேல்லைத் தம்பி, மறைச்சுக்கொண்டெல்லோ நிக்குது."

விசயம் அதுதான். 'எதிர்ப்பு', 'தடை' என்றால் வெப்பம் கடந்து போவதைத் தடுப்பது என்றே பௌதிகம் படித்தவர் விளங்கிக்கொள்வார். அது கூரைக்கு அடியில் போடும் பஞ்சுக்குப் பொருந்தும். நமக்கு வேண்டிய பசை வெப்பத்தை உணரிக்குக் கடத்தவும் வேண்டும், சுருளின் மின்காப்பு தாங்கும் உச்ச வெப்பநிலையில், அதாவது எஃப் வகைக் காப்பின் 155 பாகையிலும் எச் வகையின் 180 பாகையிலும், தானும் கெடாமல் நிற்கவும் வேண்டும். இடிதாங்கியை நினைத்துப் பாருங்கள். அது இடியை மறிப்பதில்லை, வாங்கி நிலத்துக்கு அனுப்புகிறது. ஆகவே 'தாங்கி'.

முதலில் 'சூடுதாங்கி' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் நெல் செய்கிறவர்களுக்குச் சூடு என்றால் கதிர்க் குவியலும்தான். விட்டுவிட்டேன்.

'பிசின்' எபொக்சிக்குப் பொருந்தும். இறப்பர்போல இறுகும் சிலிக்கன் பசையையும் விளாம்பிசினையும் ஒரே பெயரில் அழைக்க முடியாது. சிலிக்கனோ இங்கே முக்கியமான போட்டியாளர்: 200 பாகையிலும் நெகிழ்வாக இருக்கும், செம்பு விரிந்து சுருங்கினாலும் கூடவே அசைந்து கொடுக்கும். வினாகிரி மணக்கும் வகையை மட்டும் வாங்காதீர்கள், அந்த அமிலம் செம்பை அரிக்கும். கரித்தூரிகை (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) உள்ள மோட்டரில் எந்தச் சிலிக்கனும் யோசித்தே; அதன் ஆவி தூரிகையைக் கெடுக்கும். எபொக்சி, சிலிக்கன் இரண்டையும் அடக்க 'பசை' போதும்.

ஆக என் முன்மொழிவு வெப்பந்தாங்கிப் பசை. ('மோட்டர்' வேண்டாம், 'மின்னோடி' என்ற தமிழக நண்பருக்கு: எங்கள் பாடப் புத்தகத்தில் மோட்டர்தான், அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.)

ஒன்று மிச்சம். எபொக்சி உருகாமலே இறுக்கம் விட்டு இளகும் ஒரு வெப்பநிலை உண்டு. பசை வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் எண் அதுதான். அதன் ஆங்கிலப் பெயரை (glass transition) அப்படியே பெயர்த்து 'கண்ணாடி நிலைமாற்றம்' என்றால் கடைக்காரர் யன்னலைக் காட்டுவார். 'இளகு வெப்பநிலை' என்று வைக்கலாமா? உருகுநிலையோடு குழம்புமா என்பதை இரசாயனம் படிப்பிக்கும் யாராவது சொல்லுங்கள்.