சொடக்குத் தக்காளியும் லெத்துப்-லெத்துப்பும் ஒண்ணா?

செந்தூல்வாசி:
வீட்டுக்குப் பின்னால டிரேன் ஓரமா ஒரு செடி தானா முளைச்சிருக்கு, காகித விளக்கு மாதிரி உறை, உள்ள குட்டிப் பழம். அம்மா பார்த்துட்டு "டேய் இது சொடக்குத் தக்காளிடா"ன்னாங்க, பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) "லெத்துப்-லெத்துப்"புங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா? தக்காளி மாதிரியே இல்லியே, ஏன் அந்தப் பேரு?

நிபோங்திபால் அக்கா:
ஒண்ணுதான் தம்பி. பழத்தை உறையோட சேர்த்து நம்ம நெத்தியில பட்டுன்னு அடிச்சா சொடக்கு போட்ட மாதிரி சத்தம் வரும், தோட்டத்துல இருந்தப்ப யாரு நெத்தியில சத்தம் ஜாஸ்தின்னு போட்டியே வைப்போம், நெத்தி சிவந்து போயி அம்மாகிட்ட திட்டு வாங்குனது தனிக்கதை. மலாய்ல லெத்துப்னாலும் வெடிக்கிறதுதான். ரெண்டு பாஷைக்காரங்களும் சத்தத்தை வச்சே பேரு வச்சிருக்காங்க பாருங்க.

பழைய தோட்டக்காரன்:
தக்காளி விஷயம்: இது, மணத்தக்காளி, குழம்புல போடுற தக்காளி எல்லாம் ஒரே குடும்பம். தக்காளிங்கிற பேரு முதல்ல இந்த மாதிரி சின்னப் பழங்களுக்குத்தான். குழம்புத் தக்காளி தென்னமெரிக்காவுல இருந்து பின்னாடி வந்தது, அதனால முன்னாடி அதை சீமைத் தக்காளின்னாங்க, இப்ப சீமை கழண்டு போயி அதுவே தக்காளி ஆயிருச்சு. இன்னொண்ணு, கொடியில காய்க்கிற வேற ஒரு பழத்தையும் சிலர் லெத்துப்னு சொல்வாங்க, சுத்தி வலை மாதிரி ரோமம் இருக்கும், தமிழ்ல சிறுபூனைக்காலி, அது பேஷன் ஃபுரூட் சாதி. எதுவானாலும் பச்சையா இருக்கிறப்ப தின்னாதீங்க, மஞ்சளாகட்டும்.

செந்தூல்வாசி:
நம்மளது செடிதான், கொடி இல்ல. ரெண்டு காயை நெத்தியில அடிச்சுப் பார்த்துட்டேன், சத்தம் சூப்பர் லா 😂