தினேஷ் கார்த்திக் முகம் சுளித்தாரா, இல்லையா?

டீக்கடை பெஞ்ச்:
நேற்று ஆபீஸில் பயிற்சி வகுப்பு என்று மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். வந்தவர் 2018 மார்ச் 18-ம் தேதி கொழும்பு பிரேமதாசா மைதானத்தில் நடந்த நிதாஹாஸ் கோப்பை டி20 கிரிக்கெட் இறுதிப் போட்டி வீடியோவைப் போட்டார். வங்கதேசத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும், நம்ம விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக் எக்ஸ்ட்ரா கவருக்கு மேல் தட்டையாக ஒரு சிக்ஸ். நூறு முறை பார்த்ததுதான், நேற்றும் கை தட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். "பேட்டிங்கில் ஆறாவதாக இறங்க வேண்டியவரை ஏழாவதாகத் தள்ளினார்கள். முகம் சுளித்தாரா? இல்லை. நீங்களும் வாய்ப்பு வரும்வரை அப்படித்தான் இருக்க வேண்டும்" என்றார். முதல் வரிசையில் எங்கள் மேனேஜர் தலையாட்டினார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முகம் சுளித்தார் ஐயா! ஆட்டம் முடிந்ததும் கேப்டன் ரோஹித் சர்மாவே சொன்னார். தான் அவுட்டாகி வந்து உட்கார்ந்தபோது, ஆறாவதாக அனுப்பவில்லையே என்று கார்த்திக் அப்செட்டாக இருந்தாராம். பாதிக் கதையைச் சொல்லி எங்களுக்கு வாய்ப்பூட்டு போடாதீர்கள்.

வெள்ளைப்பலகை:
நானும் பயிற்சி வகுப்பு எடுக்கும் தொழிலில் இருப்பவன்தான், அதனால் பதில் சொல்கிறேன். அப்செட் என்றால் வருத்தம். முகச்சுளிப்பு எங்கிருந்து வந்தது? ரோஹித் சொன்னதில் மீதிப் பாதியை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? கடைசி மூன்று நான்கு ஓவர்களுக்கு உன் ஆட்டம்தான் தேவைப்படும் என்று கார்த்திக்கிடம் சொன்னதாகவும் அவர்தானே சொன்னார்? அது தண்டனை இல்லை, திட்டம்.

டீக்கடை பெஞ்ச்:
வருத்தப்பட்டவன் முகம் எப்படி இருக்கும், கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பவர் மாதிரி இருக்குமா? சுளித்துக்கொண்டுதான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் ஸ்கோர்கார்டைப் பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது. இலக்கு 167. வங்கதேசத்தின் முஸ்தபிசுர் வீசிய 18-வது ஓவரில் ஒரே ஒரு லெக் பை (காலில் பட்டு ஓடிய ரன்), மனீஷ் பாண்டேயின் விக்கெட். 12 பந்தில் 34 ரன் வேண்டும் என்ற நிலையில் கார்த்திக் இறங்கினார். ரூபெல் ஹுசைன் ஓவரில் 6, 4, 6, 0, 2, 4. மொத்தம் 22. முடிவில் 8 பந்தில் 29, நாட் அவுட். ஆறாவதாக வந்திருந்தால் இந்த 29 வந்திருக்குமா என்பதுதான் கேள்வி. முகத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

டீக்கடை பெஞ்ச்:
முகம்தான் ஐயா விஷயம். பயிற்சியாளர் முகத்தைப் பற்றித்தானே பேசினார்? ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்.

சேப்பாக்கம் கேலரி:
12 பந்தில் 34 என்று ஆனதற்கு யார் காரணம்? கார்த்திக்குக்கு முன்னால் அனுப்பப்பட்ட விஜய் சங்கர். 19 பந்தில் 17. அவ்வளவுதான் சொல்வேன்.

விஜய் வெறியன் இல்லை:
ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தொடரில்தான் அவர் இந்திய அணிக்கு முதன்முதலாக ஆடினார். தரையில் பட்டுத் திரும்பும் முஸ்தபிசுரின் கட்டர் பந்தை அந்த ஆடுகளத்தில் நீங்கள் போய் அடித்துக்காட்டுங்கள். கடைசி ஓவரில் சௌம்ய சர்க்கார் பந்தில் ஒரு பவுண்டரி அடித்தாரே, அது யார் கண்ணுக்கும் தெரியாது. அது இல்லை என்றால் கடைசிப் பந்தில் 5 வேண்டும் என்ற நிலையே வந்திருக்காது. அடுத்த பந்தில் தூக்கி அடித்து கேட்ச் ஆனபோது இருவரும் இடம் மாறினார்கள். அதனால்தான் கார்த்திக் ஸ்ட்ரைக்குக்கு வந்தார். 2022 அக்டோபரில் மாறிய விதிப்படி என்றால் புதிதாக வந்த வாஷிங்டன் சுந்தர்தான் கடைசிப் பந்தை ஆடியிருக்க வேண்டும். அப்புறம் எந்தப் பயிற்சி வகுப்பில் எந்த வீடியோவைப் போடுவீர்கள்?

சேப்பாக்கம் கேலரி:
அதாவது அவுட்டானதும் சாதனை. போன வருடம் அஸ்வின் திரியிலும் இப்படித்தான் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு நாற்பது பதிவு போட்டீர்கள்.

விஜய் வெறியன் இல்லை:
அந்தத் திரியில் கடைசியில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மூணாம் டிவிஷன்:
லீக் கிரிக்கெட் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன், முகம் சுளிக்காத பேட்ஸ்மேன் கிடையாது. ஒரு மேட்ச்சில் பேடு கட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விக்கெட் விழுந்ததும் எழுந்து க்ளவுஸ் மாட்டினால், கேப்டன் என்னைப் பார்க்காமலே இன்னொரு பையனைக் கையசைத்து அனுப்பினார். பேடு பட்டையைக் கழற்றினேன், மறுபடி கட்டினேன், மறுபடி கழற்றினேன். வேர்வையில் அந்த வெல்க்ரோ ஒட்டவே இல்லை. ஒன்பதாவதாக இறங்கி முதல் பந்திலேயே போல்டு. கோபத்தில் ஆடினால் அதுதான் கதி.

வெள்ளைப்பலகை:
பார்த்தீர்களா, இதைத்தான் நான் சொல்கிறேன். கார்த்திக் கோபத்தை க்ரீஸுக்கு எடுத்துப் போகவில்லை.

டீக்கடை பெஞ்ச்:
ஆக, கோபம் இருந்தது. ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

வெள்ளைப்பலகை:
நான் எங்கே ஒத்துக்கொண்டேன்? வருத்தம் என்றுதான் சொன்னேன்.

டீக்கடை பெஞ்ச்:
இப்போதுதான் கோபம் என்று எழுதினீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். பொறுமையாகக் காத்திருந்தாராம்! 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் ஒருநாள் போட்டியில் அறிமுகமானவர். டிசம்பரில் இன்னொரு விக்கெட் கீப்பராகத் தோனி வந்தார், கதை மாறியது. 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் இந்தியாவுக்கு அதிக ரன் எடுத்தவர் இவர்தான், 263. அப்படியும் 2010 ஜனவரிக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் ஆட 2018 ஜூன் வரை ஆனது. இடையில் சும்மா உட்கார்ந்திருந்தாரா? மும்பை கிரிக்கெட் வீரர் அபிஷேக் நாயரிடம் போய் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். ஐ.பி.எல்.லில் டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூரு, குஜராத், கொல்கத்தா என்று ஆறு அணி. எங்கள் ஆபீஸில் ஒருவன் ஆறு கம்பெனி மாறியிருந்தால் ஹெச்.ஆர். ரெஸ்யூமேயைத் தொடக்கூட மாட்டார். அவரைக் காட்டி எங்களை ஒரே நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்கள்!

கணக்குப்பிள்ளை:
ஏலத்தில் எடுப்பதும் ராஜினாமா செய்வதும் ஒன்றா? அவரா மாறினார்? மாற்றினார்கள்.

சேப்பாக்கம் கேலரி:
அந்தப் பட்டியலில் சென்னை இல்லை என்பதையும் கவனிக்கவும். அதைப் பற்றி ஒரு தனித் திரி போடலாம்.

டீக்கடை பெஞ்ச்:
தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே முகத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

வெள்ளைப்பலகை:
நண்பரே, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். உங்களுக்குக் கார்த்திக் பிரச்சினையா, மேனேஜர் பிரச்சினையா?

டீக்கடை பெஞ்ச்:
இரண்டும்தான். ஒளிக்க என்ன இருக்கிறது? பதினோரு வருடம் ஒரே கம்பெனி. நான் எக்ஸெல் சொல்லிக்கொடுத்த பையன் டீம் லீட் ஆனான். அப்ரைசல் அறையில் மேனேஜர் லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டே, "உங்களைப் பெரிய ப்ராஜெக்ட்டுக்கு வைத்திருக்கிறோம்" என்றார். கடைசி ஓவருக்கு வைத்திருக்கிறோம் என்று ரோஹித் சொன்ன மாதிரியே. வித்தியாசம் என்னவென்றால், கார்த்திக்குக்கு அந்த ஓவர் அன்று ராத்திரியே வந்தது. எனக்கு நாலு வருடமாக டிரிங்ஸ் இடைவேளை.

மூணாம் டிவிஷன்:
அண்ணே, அந்தப் பையன் எப்படி வேலை செய்கிறான்?

டீக்கடை பெஞ்ச்:
அது இந்தத் திரிக்குச் சம்பந்தமில்லாத கேள்வி.

வெள்ளைப்பலகை:
வாய்ப்பு வரும்போது தயாராக இருந்தார் என்பதுதான் பாடம். முதல் பந்திலேயே சிக்ஸ் அடித்தவர் டக்அவுட்டில் புலம்பிக்கொண்டிருந்திருக்க முடியாது.

டீக்கடை பெஞ்ச்:
ஏன் முடியாது? புலம்பிக்கொண்டே தயாராக இருக்க முடியாதா? என் அம்மா முப்பது வருடம் புலம்பிக்கொண்டேதான் சமைத்தாள், ஒரு நாள் உப்பு கூடியதில்லை. முகம் சுளித்தார், சிக்ஸும் அடித்தார். உங்கள் ஸ்லைடில் இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது.

விஜய் வெறியன் இல்லை:
பவுண்டரியும் இல்லை.

நெறியாளர்:
இந்தத் திரி "வேலையும் வாழ்வும்" பகுதியிலிருந்து "கிரிக்கெட்" பகுதிக்கு மாற்றப்படுகிறது. அஸ்வின் திரி குறித்த பதிவுகளை இங்கே தொடர வேண்டாம்.

டீக்கடை பெஞ்ச்:
இது கிரிக்கெட் திரி இல்லை என்று முதல் பதிவிலேயே தெரியவில்லையா? என்னைக் கேட்காமல் எப்படி இறக்குவீர்கள்?

வெள்ளைப்பலகை:
முகம் சுளிக்காதீர்கள் நண்பரே.

டீக்கடை பெஞ்ச்:
சிரிப்பு வரவில்லை. வகுப்புக்கான கருத்துப் படிவத்தைத் திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ரோஹித் பேட்டியின் இணைப்பை வைத்திருப்பவர்கள் இங்கே போடவும். கணக்குப்பிள்ளை, உங்களைத்தான்.