வந்த சாமியையெல்லாம் ரோம் வரவேற்றதா?

ஆற்றங்கரையான்:
‘பழைய ரோமானியர் அடுத்தவன் சாமியைப் பொறுக்காத கூட்டம், கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போட்டவர்கள்தானே’ என்று பக்கத்துத் திரியில் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு உடன்பாடில்லை. எதிரியின் சாமியைக்கூடக் கெஞ்சிக் கூட்டிவந்த ஊர் அது. கிமு 396-ல் வேயி நகரைப் பிடித்தபோது அங்கிருந்த ஜூனோ தேவி சிலையிடம் ஒரு வீரன் ‘ரோமுக்கு வருகிறாயா?’ என்று கேட்டானாம், சிலை தலையசைத்ததாம். வரலாற்றாசிரியர் லிவி சொல்கிற கதை. கிமு 293-ல் கொள்ளைநோய் வந்தது. கிரேக்கத்து எபிடாரஸிலிருந்து மருத்துவக் கடவுள் எஸ்குலேபியஸைப் பாம்பு வடிவில் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். பாம்பு தானே இறங்கி டைபர் ஆற்றுத் தீவில் ஏறிக்கொண்டதாம்; கோயிலும் அங்கேயே எழுந்தது. இன்றும் அந்தத் தீவில் ஆஸ்பத்திரி நடக்கிறது. கிமு 204-ல், எதிரித் தளபதி ஹன்னிபால் இத்தாலியை விட்டு நகராத நேரத்தில், ஆசியா மைனரிலிருந்து மகா தாய் சிபெலியைக் கறுப்புக் கல்லாக வரவழைத்தார்கள். இதற்கு மேல் என்ன சகிப்புத்தன்மை வேண்டும்?

தகடு:
ஆற்றங்கரை சார், மூன்றும் அரசாங்கம் அழைத்து வந்த சாமிகள். அழைக்காமல் வந்த சாமிக்கு என்ன கதி என்று பாருங்கள்.

நான் வியன்னாவில் இருக்கிறேன். இங்கே கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலத் தகடு இருக்கிறது. பெரிதாக எதிர்பார்த்துப் போனால் தரையில் பதிக்கிற ஓடு அளவுதான். 1640-ல் தெற்கு இத்தாலியில் திரியோலோ என்ற ஊரில் கிடைத்தது. மதுக் கடவுள் பாக்கஸ் வழிபாட்டுக்கு எதிராக கிமு 186-ல் ரோமின் ஆட்சி அவையான செனட் போட்ட உத்தரவு. கடைசியில் அந்த ஊர்ப்பக்கத்தின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. யார் படிக்க வேண்டுமோ அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான். ‘எளிதில் படிக்கக்கூடிய இடத்தில் மாட்டி வையுங்கள்’ என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. மீறினால் மரண தண்டனை.

ஆற்றங்கரையான்:
தம்பி, அது வழிபாட்டுக்கு எதிரான உத்தரவு இல்லையே. ராத்திரிக் கூத்து, குடி, பொய் உயில், கொலை என்று புகார் வந்ததால் எடுத்த நடவடிக்கை. லிவியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாரே.

தகடு:
லிவி எழுதியது கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழித்து. தகடு அந்த வருஷத்துச் சரக்கு. அதில் கொலையும் இல்லை, குடியும் இல்லை. என்ன இருக்கிறது தெரியுமா? ஆண் யாரும் பூசாரியாக இருக்கக் கூடாது. பொது உண்டியல் கூடாது. ஒருவருக்கொருவர் சத்தியம் செய்து கட்டுப்படக் கூடாது. சடங்குக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது. அதிலும் ஆண் இரண்டு, பெண் மூன்று. கூடுதலாக வேண்டுமென்றால் நகர பிரீட்டர் என்ற நீதி அதிகாரியிடம் போய், நூறு செனட்டர்களாவது இருக்கும் அவையில் அனுமதி வாங்கு. ஆக, பாக்கஸ் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. காசு, தலைமை, சத்தியம் மூன்றும் சேர்ந்தால் அது சங்கம். செனட்டுக்குத் தெரியாமல் ஒரு சங்கம் நடப்பதுதான் உறுத்தியது.

நள்ளிரவுக் காபி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ரோமில் மித்ராஸ் என்ற சாமியின் வழிபாடுதான் நிஜமான ரகசிய மதம். அவர் பிறந்தநாள்தான் டிசம்பர் 25, கிறிஸ்தவர்கள் சுட்டுவிட்டார்கள். இதை ஏன் யாரும் பேசவில்லை?

வேம்பு:
காபி தம்பி, மித்ராஸ் டிசம்பர் 25-ல் பிறந்தார் என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்றுகூடக் கிடையாது. கிபி 354-ஆம் ஆண்டு நாட்காட்டியில் அந்தத் தேதியில் ‘வெல்லமுடியாதவர்’ பிறந்தநாள் என்று ஒரு குறிப்பு; அது சூரியனைச் சொல்வது. வாட்சப் பார்வர்டை இங்கே கொட்டாதீர்கள்.

ஆனால் மித்ராஸ் நம் பேச்சுக்குப் பொருந்தும். காகம் முதல் தந்தை வரை ஏழு படிநிலை, ஆண்கள் மட்டும், ஜன்னலில்லாத குகை மாதிரி அறை. ஒஸ்தியா துறைமுக ஊரில் மட்டும் ஒரு டஜனுக்கு மேல் அறைகள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தகடு சொல்கிற கணக்குப்படி இதைத்தானே முதலில் தடை செய்திருக்க வேண்டும்? செய்யவில்லையே!

தகடு:
நல்ல கேள்வி அக்கா. அந்த அறைகள் சின்னவை, சில டஜன் பேர் உட்காரலாம். வந்தவர்களில் நிறையப் பேர் சிப்பாய்கள், சுங்க அலுவலகத்து ஆட்கள். அரசாங்கத்துச் சோறு தின்கிறவன் அரசாங்கத்துக்கு எதிராகச் சங்கம் வைப்பான் என்று யார் பயப்படுவார்கள்?

வேம்பு:
அது சரி. ஆற்றங்கரை அண்ணன் சொன்ன சிபெலி கதைக்கும் ஒரு பின்பாதி உண்டு. தாயைக் குன்றின்மேல் குடிவைத்தார்கள், விழா எடுத்தார்கள். கூடவே வந்த பூசாரிகள் தங்களைத் தாங்களே காயடித்துக்கொண்டு, வண்ண உடையில் தாளம் தட்டிப் பிச்சையெடுத்து ஊர்வலம் போவார்கள். ரோமில் பிறந்தவன் எவனும் அந்த ஊர்வலத்தில் நடக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததாக ஹலிகார்னசஸ் ஊர் வரலாற்றாசிரியர் டயோனிசியஸ் எழுதுகிறார். பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு இலைக்குக் காவல் போட்ட கதை.

ஆற்றங்கரையான்:
காவல் போட்டாலும் சாப்பாடு போட்டார்களா இல்லையா? நம்மூர் உதாரணமே இருக்கிறதே! ரோமானியரின் பயண வரைபடத்தில் முசிறிக்குப் பக்கத்தில் ‘அகஸ்டஸ் கோயில்’ என்று குறித்திருக்கிறார்கள். அவர்கள் சாமி இங்கே, நம் சாமி அங்கே. எரிமலையில் புதைந்த இத்தாலிய ஊரான பொம்பெயியில் தந்தத்தில் செதுக்கிய இந்தியப் பெண் சிலை கிடைத்ததே!

தகடு:
அந்த வரைபடமும் வியன்னாவில்தான் இருக்கிறது சார், இடைக்காலத்தில் எடுத்த நகல். அதில் இருப்பது ஒரு குறியீடு. கட்டடம் எதுவும் மண்ணிலிருந்து வரவில்லை. பொம்பெயி சிலையை வாங்கினவர் கும்பிட்டாரா, அலமாரியில் அழகுக்கு வைத்தாரா, யார் கண்டது? அதை வைத்துச் சகிப்புத்தன்மை பேச முடியாது.

வேம்பு:
நான் ஐசிஸை எடுக்கிறேன். உங்கள் இரண்டு பேருக்குமே இடிக்கும். எகிப்திலிருந்து வந்த இந்தத் தாயின் கோயிலை இடிக்கச் செனட் உத்தரவு போட்டது. கிமு 50-ல் கான்சல், அதாவது அந்த ஆண்டின் தலைமை அதிகாரி, எமிலியஸ் பவுலஸ் ஆட்களைக் கூட்டிப் போனார். ஒருத்தனும் கதவில் கைவைக்கவில்லை. கடைசியில் கான்சலே மேலங்கியைக் கழற்றிவிட்டு, கோடரியை எடுத்து முதல் வெட்டு வெட்டினாராம். ஏழு வருஷம் கழித்து அதே ரோமில் ஆட்சிக்கு வந்த மூன்று தலைவர்களின் கூட்டணி ஐசிஸுக்குக் கோயில் கட்ட முடிவெடுத்தது. கிபி 19-ல் பேரரசர் திபேரியஸ் மறுபடி விரட்டினார். கிபி 71-ல் பேரரசர் வெஸ்பாசியனும் மகனும் வெற்றி ஊர்வலத்துக்கு முந்தின ராத்திரி தங்கியதோ ஐசிஸ் கோயில் பக்கத்தில். இதற்குச் சகிப்பு என்று பேர் வைப்பதா, அடக்குமுறை என்று வைப்பதா? கூலிக்காரன் பயந்தானே, அவன்தான் எனக்கு முக்கியம். செனட்டை மீறலாம், ஐசிஸை மீற முடியாது என்று நினைத்திருக்கிறான்.

ஆற்றங்கரையான்:
இது எனக்குத் தெரியாது வேம்பு. ‘எல்லாச் சாமியையும் ஏற்றார்கள்’ என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கணக்கில் வந்த சாமியை ஏற்றார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் மதவெறி என்பதை இப்போதும் ஒப்ப மாட்டேன். அந்தத் தகட்டில்கூட ஐந்து பேருக்கு அனுமதி இருக்கிறது.

தகடு:
ஐந்து பேருக்கு அனுமதி. சம்பந்தப்பட்டவர்கள் ஏழாயிரத்துக்கு மேல் என்கிறார் லிவி. சிறைக்குப் போனவர்களைவிடக் கொல்லப்பட்டவர்கள் அதிகமாம். பெண்களை வீட்டு ஆட்களிடமே ஒப்படைத்து, தண்டனையை வீட்டுக்குள்ளேயே முடிக்கச் சொன்னார்கள்.

நள்ளிரவுக் காபி:
ஏழாயிரம் பேர் விஷயம் வெளியே எப்படி வந்தது?

வேம்பு:
ஹிஸ்பாலா என்று ஒருத்தி, அடிமையாக இருந்து விடுதலையானவள். காதலனை பாக்கஸ் சடங்கில் சேர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்து பதறிப்போய் அவனிடம் உளறிவிட்டாள். கான்சல் அவளைக் கூப்பிட்டு விசாரித்தபோது நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு செனட் அவளுக்கு 1,00,000 செப்புக்காசு கொடுத்தது. சுதந்திரமாகப் பிறந்தவனையும் அவள் கட்டிக்கொள்ளலாம், கட்டுகிறவனுக்கு அதில் அவமானம் கிடையாது என்று தீர்மானமும் போட்டது.