பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரை மணி நேர ஆன்லைன் மனப்பயிற்சி: வேலைக்கு ஆகுமா?

திருமங்கலம் டீச்சர்:
காலாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து எங்கள் பிளஸ் டூ பிள்ளைகள் சிலர் ஒரு மாதிரியாக இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைக்கிறார்கள், கேட்டால் "ஒன்றுமில்லை மிஸ்". மனச்சோர்வுக்கென்று இணையத்தில் இலவசப் பயிற்சிகள் இருக்கின்றன, கொஞ்சம் படித்து, கேள்விகளுக்குப் பதில் எழுதி, ஒரே தடவையில் முடித்துவிடலாம். கம்ப்யூட்டர் லேபில் ஒரு பீரியட் ஒதுக்கிச் செய்ய வைக்கலாமா?

செல்லூர்க்காரன்:
கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர், இது கண்துடைப்பு. எங்கள் தெருவில் பாதி வீட்டில் வாரக்கடன் இருக்கிறது, வசூலுக்கு வருகிறவர் வாசலில் உட்கார்ந்தால் பணத்தைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார், அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் "இன்று உனக்கு மகிழ்ச்சி தந்த மூன்று விஷயங்கள்" என்று கேட்டால் என்ன எழுதும்? பிள்ளைக்குப் பேச ஆள் வேண்டும், பட்டன் இல்லை. அப்புறம் இதையெல்லாம் யார் தொடர்ந்து செய்கிறார்கள்? மனநல ஆப்களைப் பற்றி 2019இல் வந்த ஓர் ஆய்வில், இறக்கிக்கொண்டவர்களில் 15ஆம் நாளும் திறந்து பார்த்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்தான் தேறினார்கள்.

கோரிப்பாளையம் நர்ஸ்:
அண்ணே, நீங்கள் சொன்ன கணக்கு டீச்சர் பக்கம்தான் பேசுகிறது. முதல் நாளோடு போய்விடுவார்கள் என்று தெரிந்துதானே, சொல்ல வேண்டியதை எல்லாம் அந்த முதல் அரை மணிக்குள் வைத்தார்கள். கொரோனா காலத்தில் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர் ஜெசிகா ஷ்லைடரின் குழு 13 முதல் 16 வயது வரை உள்ள 2,452 பேரிடம் இதைச் சோதித்து 2022இல் வெளியிட்டது. மனதில் உள்ளதை எழுதிக் கொட்ட மட்டும் இடம் கொடுத்த இன்னொரு குழுவோடு ஒப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்தும் பயிற்சி செய்த பிள்ளைகளின் சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது. வித்தியாசம் சின்னதுதான், அதை அவர்களே சொல்கிறார்கள்.

உள்ளே இருப்பதும் நீங்கள் நினைக்கிற மாதிரி "நல்லதையே நினை" இல்லை. மனம் சோர்ந்தால் விளையாட்டை விடுகிறோம், சிநேகிதர்களை விடுகிறோம், குளிப்பதைக்கூடத் தள்ளிப்போடுகிறோம், விட விடச் சோர்வு கூடுகிறது. அதனால் விட்டதில் ஒன்றைத் தேர்ந்தெடு, எப்போது செய்வாய், என்ன தடை வரும், வந்தால் என்ன செய்வாய் என்று எழுத வைக்கிறார்கள். கடைசியில் தன்னைப் போலவே இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு யோசனை எழுதச் சொல்வார்கள். அடுத்தவருக்குச் சொல்லும்போது நமக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிடுகிறது, அந்தத் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

மேலூர் நைட் ஷிப்ட்:
இதே மாதிரி ஒன்றை நானும் செய்திருக்கிறேன். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன் என்று எழுதினேன். என்ன தடை வரும் என்று கேட்டது, "மச்சான் கடைக்குக் கூப்பிடுவான்" என்று உண்மையையே போட்டேன். நடை இன்னும் நிற்கவில்லை. கடனும் அப்படியேதான் இருக்கிறது, அதில் செல்லூர் அண்ணன் சொன்னது சரி.

செல்லூர்க்காரன்:
அமெரிக்கப் பிள்ளைக்குத் தனி போன் இருக்கும். இங்கே அப்பா போனை வாங்கித்தான் பார்க்க வேண்டும், அல்லது லேபில் பக்கத்துச் சீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான், எழுதியது மதிய மணி அடிப்பதற்குள் பிளஸ் ஒன் வரைக்கும் போய்விடும். தகவல் எங்கே போகிறது என்றும் பாருங்கள். காசு வாங்கி ஆலோசனை சொல்லும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் வந்தவர்களின் விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் பக்கம் விளம்பரத்துக்காகத் தள்ளிவிட்டது என்று 2023இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. காசு வாங்குகிறவனே இப்படி என்றால் இலவசக்காரன்?

திருமங்கலம் டீச்சர்:
எட்டிப் பார்க்கிற பிரச்சினை நிஜம்தான், இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம் என்றுதான் லேபே ஓடுகிறது. அந்தக் கேள்விகளைத் தமிழில் தாளில் எடுத்துக் கொடுத்தால்?

கோரிப்பாளையம் நர்ஸ்:
தாளில் கொடுத்தால் சோதித்துப் பார்த்த அதே பயிற்சி என்று சொல்ல முடியாது. ஆனாலும் கொடுங்கள், கெடுதல் இல்லை. ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். சாக வேண்டும் போல இருக்கிறது என்று சொல்கிற பிள்ளைக்கு இந்தத் தாளை நீட்டக் கூடாது. தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணைப் பலகையில் எழுதிப் போடுங்கள், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

செல்லூர்க்காரன்:
பெயர் எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளையும் உண்மை எழுதாது. பெயர் இல்லாவிட்டால் சாக நினைக்கிறது யார் என்று டீச்சருக்கு எப்படித் தெரியும்? இதற்கு உங்கள் ஆராய்ச்சியில் பதில் உண்டா?

திருமங்கலம் டீச்சர்:
தாளைத் திரும்ப வாங்கவே போவதில்லை, அது பிள்ளையிடமே இருக்கட்டும். அடியில் கிழிக்கிற மாதிரி ஒரு சீட்டு, "டீச்சரோடு பேச வேண்டும்" என்று. எல்லோரும் பெயர் எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும், பேச வேண்டும் என்கிறவர்கள் மட்டும் டிக் அடிக்கட்டும், அப்படியென்றால் யார் அடித்தார்கள் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. தினமும் நானே எடுத்துப் பார்க்கிறேன்.

செல்லூர்க்காரன்:
ஆன்லைன் சமாசாரத்தை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பெட்டியை ஹெச்எம் ரூம் வாசலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் வராது.